எட்டாக மடித்த பஸ் டிக்கெட்

செப்டம்பர் 6, 2025, சனி. உறுவையாறு

இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். பேனாவை நகர்த்தினாலே கலகலவென்கிறது. நேற்று மடுகரையில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு அம்மா என்னை இங்கே அழைத்து வந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பிள்ளை பெற்று மூன்று மாதம் முடிந்த பிறகே திரும்பிப் போக வேண்டுமாம்.

சென்னை லேபில் நான்கு வருஷம் என் கையில் ஒரு மோதிரம்கூட இருந்ததில்லை. லேசர் மேசைப் பக்கம் பளபளப்பான எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. ஒளி பட்டுத் திரும்பிக் கண்ணில் அடித்தால் கண் போச்சு. தாலிச் சங்கிலியைக்கூடச் சட்டைக்குள் தள்ளிவிட்டுத்தான் வேலை செய்வேன். இப்போது என்னைப் பார்த்தால் வளையல் கடை.

கலை இன்று காலை சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான். என் புருஷன், அதே லேபில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். அம்மா இல்லாத நேரம் பார்த்து, "போயி என் மேசைய பாத்துக்கோ" என்றேன். "மொதல்ல ஒன்ன பாத்துக்கடி" என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது? அவன் போகிறான், நான் போகவில்லை, அதுதான். பிள்ளை இரண்டு பேருக்கும், வீட்டில் உட்காருவது மட்டும் ஒருத்திக்கா?

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று சந்திர கிரகணம். சாயங்காலமே அம்மா ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிவிட்டாள். ஒளியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவளை நிலா வெளிச்சம் படாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். கலைக்கு மெசேஜ் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: "நாலு வருஷமா அங்க இன்னாதான்டி பண்ற நீ? யாராவது கேட்டா லைட்டு வேலன்னு சொல்லி வெக்கறேன்."

லைட்டு வேலைதான். ரூபிடியம் என்று ஓர் உலோகம். அதன் அணுக்களை லேசர் ஒளியாலேயே குளிர வைக்கிறோம். இதற்குமேல் குளிரவே முடியாது என்று ஓர் எல்லை இருக்கிறது, அதற்கு மயிரிழை இந்தப் பக்கம் வரை. பிறகு குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று இரண்டு லேசர்களை அனுப்பி, எதிரில் கண்ணாடி வைத்து அவற்றைத் தங்கள்மேலேயே திருப்பி விடுவோம். ஆயிரக்கணக்கான மெல்லிய ஒளிக்குழாய்கள் உண்டாகும். ஒவ்வொரு குழாயிலும் இருபது முப்பது அணுக்கள் வரிசையில் நிற்கும். பக்கவாட்டில் நகர இடமில்லை. முன்னே போகலாம், பின்னே வரலாம், அவ்வளவுதான்.

"வரப்பு மாதிரிம்மா. எதிரெதிர ரெண்டு பேர் வந்தா ஒதுங்க எடமிருக்காது."

"ஏன் இருக்காது? தலைல சொமையோட வர்றவளுக்கு வெறுங்கைக்காரி எறங்கி வழி வுடணும். சேத்துல கால் வெச்சா இன்னா, செத்தா போயிடுவா?"

"இதுல எறங்கவே முடியாது. அதான் விஷயமே."

"அப்ப முட்டிக்கினு கெடக்க வேண்டியதுதான்."

உண்மையில் அதுதான் நடக்கும். பாதி அணுக்களை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் தட்டிவிட்டால் முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். வேறெந்தக் கூட்டமாக இருந்தாலும் நாலு முட்டலில் ஒன்றோடொன்று கலந்து அடங்கிவிடும். இது அடங்காது. கேமராப் படத்தில் இரண்டு பாதியும் தனித்தனியாக இரண்டு மேடாகவே நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளப்பதுதான் என் தீசிஸின் கடைசி அத்தியாயம். குழாய்களைக் கட்டி நிறுத்த எனக்கு மூன்றரை வருஷம் ஆயிற்று. தட்டிவிட்டுப் படம் எடுப்பதுதான் பாக்கி. அதற்குள் வயிறு முந்திக்கொண்டது.

மத்தியானம் சௌந்தரராஜன் சார் போன் செய்தார். என் கைடு. "லேப் ஒரு வருஷம் சும்மா கெடக்கக் கூடாதும்மா. அனுப்பிரியா ஒன் மேசைய எடுத்து ஓட்டட்டும். நீ ரெஸ்ட் எடு."

அனுப்பிரியா. இரண்டாம் வருஷம். வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். நட்டு எது, போல்ட்டு எது என்று நான் கற்றுக்கொடுத்தவளிடம் என் மேசை.

"சரிங்க சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 23, செவ்வாய்

கலை வீடியோ காலில் வந்தான். பின்னால் சிரிப்புச் சத்தம். "யாரு?" என்றேன். "அனு. டீ குடிக்க வந்தோம்." லேப் கேட்டுக்கு வெளியே இருக்கிற அந்த டீக்கடை. எங்கள் டீக்கடை. நானும் அவனும் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் நின்று நின்று கால் தேய்ந்த இடம்.

அவள் போனுக்குள் தலையை நீட்டி, "அக்கா, எப்டி இருக்கீங்க? கலை அண்ணா ஒழுங்கா சாப்டறதே இல்லக்கா" என்றாள்.

அண்ணா என்று கூப்பிட்டால் எரியாதா? எரிகிறதே! அவன்மேல் சந்தேகமா எனக்கு? இல்லை. சத்தியமாக இல்லை. அவள் நிற்கிற இடம் என்னுடையது. மேசை, கண்ணாடி, டீ கிளாஸ், புருஷனுக்குப் பக்கத்தில் அந்த இரண்டடி தரை, எல்லாம் என்னுடையது.

அம்மாவிடம் கொட்டினேன். அவள் உலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எதுத்த வூட்டுக்காரி புள்ள பெத்தான்னு அம்மிக் கொழவி எடுத்து வயித்துல இடிச்சிக்கினாளாம் ஒருத்தி. நீ புள்ளயயும் வெச்சிக்கினு இடிச்சிக்கிற."

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

லேப் குரூப்பில் அனுப்பிரியா போட்டோ போட்டிருக்கிறாள். கடைக்காரர் வீட்டுப் பெண் இல்லையா, பூஜை அமர்க்களம். தராசுக்கும் கல்லாவுக்கும் வைக்கிற மாதிரி மேசையின் நான்கு காலுக்கும் சந்தனம், குங்குமம். ஓரத்தில் எலுமிச்சம்பழம், பொரி, அவல். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து மேசையைத் தூசி தட்டித் துடைத்திருக்கிறாள். சார் கைதட்டுகிற பொம்மை போட்டிருக்கிறார். எனக்கு ஒரு நாள் போட்டதில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மேசையை அங்குலம் அங்குலமாகப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. இடது மூலை, இரண்டாவது லேசரின் கண்ணாடி. கண்ணாடித் தாங்கியின் கீழே...

டிக்கெட்டைக் காணோம்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். போன வருஷம் அந்தத் தாங்கி மத்தியானமானால் ஒரு இழை தலை சாயும். கண்ணாடி சாய்ந்தால் ஒளி சரியாகத் திரும்பாது, குழாய்களின் சுவர் பலம் இழக்கும். புதுத் தாங்கி வர ஆறு மாதம் என்றார்கள். ஒரு நாள் வெறுத்துப் போய், கைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை, வில்லியனூரிலிருந்து உறுவையாறு வந்தபோது கண்டக்டர் கிழித்துக் கொடுத்தது, எட்டாக மடித்து அடியில் செருகினேன். அசையாமல் நின்றது. பதினோரு மாதம்! கலைக்கும் தெரியாது. லேசர் மேசையில் காகிதம் என்றால் சார் "இது லேபா, பொட்டிக்கடையா?" என்று குதிப்பார். வெட்கத்தில், மேசையில் செய்வதையெல்லாம் குறித்து வைக்கிற லாக் புக்கிலும் எழுதவில்லை.

குப்பை என்று எடுத்துப் போட்டிருப்பாள். "அனு, அந்த மிரர் அடியில" என்று டைப் செய்தேன்.

அழித்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டுமே. கெட்டிக்காரிதானே.

அக்டோபர் 9, வியாழன்

கலை மூச்சு வாங்கப் பேசினான். "விஜி, அடங்குதுடி! ரெண்டு மேடும் கலந்து ஒண்ணா ஆவுது. யாரும் எதிர்பாக்காத ரிசல்ட். சார் தலைகால் புரியாம இருக்காரு."

எனக்குச் சந்தோஷம்தான். கண்ணாடி சாய்ந்திருக்கிறது, சுவர் பலவீனமாகிவிட்டது, அணுக்கள் பக்கத்துக் குழாய்க்குத் தாவுகின்றன. வரப்பு உடைந்து வயலெல்லாம் ஓடினால் எதுவும் கலந்துதான் போகும். ஒற்றை வரிசையே இல்லாத இடத்தில் ஒற்றை வரிசையின் ரகசியத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"சுவரோட பலத்த அளந்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ ஆகஸ்ட்ல அளந்தது இருக்குதே. அனுதான் சொன்னா, அக்கா எடுத்த அளவு தப்பா இருக்காதுன்னு."

ஒரு நிமிஷம் வாய் திறந்தேன். "சரி, நல்லது" என்று மூடிக்கொண்டேன். ஆராய்ச்சிப் பேப்பராக எழுதி வெளியே அனுப்பட்டும். உலகத்தில் எவனாவது தப்பைக் கண்டுபிடிப்பான். அப்போது சார் என்னைத்தான் தேடுவார். இதை எழுதும்போதே என்மேல் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. எழுதியாயிற்று, இருக்கட்டும்.

அக்டோபர் 21, செவ்வாய். தீபாவளி மறுநாள்

அனுப்பிரியா வந்திருந்தாள். இந்த மழையில், வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில். ஒரு டப்பா அதிரசம், குழந்தைக்குப் பால் புகட்ட எவர்சில்வர் பாலாடை ஒன்று. கடையிலிருந்து அவளே தேடி எடுத்தாளாம்.

அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "எம்மாந் தங்கமான பொண்ணு!" நான் பேருக்குச் சிரித்தேன்.

கிளம்பும்போது பர்ஸைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். உள்ளே என் டிக்கெட். அதே மடிப்பு.

"பூஜைக்கு மேசைய தொடைச்சப்ப கெடைச்சிதுக்கா. பிரிச்சி பாத்தா ஒங்க ஊரு டிக்கெட்டு. ஞாபகத்துக்கு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். தொலைஞ்சிடப் போவுதுன்னு பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன்."

குப்பையில் போடவில்லை. பிரித்துப் பார்த்து, அதே மடிப்பில் மடித்து, மூன்று வாரம் பர்ஸில் வைத்திருந்திருக்கிறாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாசலில் நின்றுகொண்டு ரெயின்கோட் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். "தேங்க்ஸ் அனு" என்றேன். போய்விட்டாள். டிக்கெட் இந்த நோட்டில், இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

பிள்ளை உதைக்கிறது. உதைக்கட்டும்.

நவம்பர் 3, திங்கள்

பேப்பரின் வரைவு மெயிலில் வந்தது. பெருமையெல்லாம் முதல் பெயருக்குத்தான்; அது யாருடையது என்று பார்க்கத்தான் திறந்தேன், பொய் எதற்கு? அனுப்பிரியா என்று இருக்கும், வயிறு எரியும், அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

விஜயராணி. முதல் பெயர் என்னுடையது.

சார் கீழே எழுதியிருக்கிறார்: அனுப்பிரியா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், கருவி முழுக்க அக்கா கட்டியது, அளவு அக்காவுடையது, அதனால் அக்கா பெயர்தான் முன்னால் வர வேண்டும் என்று. அடுத்த திங்கள் ஜர்னலுக்கு அனுப்பப் போகிறார்களாம்.

ஐயோ. தப்பு என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், அந்தத் தப்பின் தலையில் என் பெயர். அவளுக்குத் தோண்டிய குழியில் அவளே கைப்பிடித்து என்னை உட்கார வைத்திருக்கிறாள். தெரியாமல், மரியாதையாக, அக்கா என்று கூப்பிட்டு.

நவம்பர் 5, புதன்

நேர்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். அவள் பெயர் முதலில் இருந்திருந்தால் சொல்ல நினைத்திருப்பேனா?

நவம்பர் 9, ஞாயிறு

கலை வந்தான். மத்தியானம் அம்மா இலை போட்டாள், வஞ்சிரக் குழம்பு. அவன் ஒரு வாய் வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். நோட்டிலிருந்து டிக்கெட்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். தாங்கி, சாய்வு, போட்டோ, எல்லாம்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"ஆயுத பூஜை அன்னிக்கே."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒரு வழியாக முடிந்திருக்கும். "நாப்பது நாளு. அந்தப் பொண்ணு தெனம் பத்து மணி நேரம் நின்னுதுடி" என்றான். கையை உதறிவிட்டு எழுந்தான். சோறு அப்படியே இருந்தது.

"நீயே அவகிட்ட சொல்லிடறியா?" என்று கேட்டேன்.

"நா ஏன் சொல்லணும்? நீயே சொல்லு."

கொல்லைப் பக்கம் போய் நின்று போன் செய்தேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். மேசையைச் சரிசெய்வது எப்படி, டிக்கெட்டை எந்தப் பக்கம் செருக வேண்டும், சுவரின் பலத்தைப் புதிதாக அளக்க வேண்டும், எல்லாம் சொல்லி முடித்தேன். நானே நீட்டி முழக்கினேன், அவள் கேட்கப் போகிற கேள்வி வராமல் இருக்க.

வந்தது.

"தீபாவளிக்கு நா கொண்ணாந்து குடுத்தப்பவும் தெரியுமாக்கா?"

"தெரியும்."

போனை வைத்துவிட்டாள்.

டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கலை சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டான். அவன் படியிறங்கும்போது அம்மாதான் கேட்டாள்: "இன்னாடி ஆச்சி? மாப்ள சாப்டாம போறாரு?" வரப்பு, சுமை என்று அன்றைக்கு அவள் சொன்னது ஞாபகம் வந்தது. இவ்வளவு நாளும் சுமைக்காரி நான்தான் என்று நினைத்திருந்தேன். வயிற்றில் ஒரு பிள்ளை இருந்துவிட்டால் ஊரே ஒதுங்க வேண்டும் என்று எனக்கு நினைப்பு.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

பேப்பர் போகவில்லை. நிறுத்திவிட்டார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

கலை மூன்று நாளைக்கு ஒரு தடவை பேசுகிறான். சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார். அதற்குமேல் இல்லை. இன்று நானே கேட்டேன்.

டிக்கெட்டைச் செருகிவிட்டார்களாம். அனுப்பிரியா முதலிலிருந்து எல்லா அளவையும் எடுத்துவிட்டாளாம். கலக்கவில்லை, இரண்டு மேடும் நிற்கிறது, நாங்கள் நினைத்ததைவிட நீண்ட நேரம் நிற்கிறது. நல்ல ரிசல்ட்.

"சார்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"அவதான் போயி சொன்னா. கேக்காம கொள்ளாம தொடைச்சிட்டேன், புதுசா அளக்காம விட்டுட்டேன், என் தப்புதான் சார்னு. சார் அரை மணி நேரம் திட்டுனாரு."

"நா தெரிஞ்சி சொல்லாம இருந்தது?"

"அத அவ சொல்லல."

இப்போது எதற்குப் பொறாமைப்படுகிறேன் தெரியுமா? இதற்கு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரெல்லாம் பறை சாற்றியிருப்பேன். காட்டிக்கொடுக்காமல் திட்டு வாங்கிக்கொண்டு நிற்க அவளால் முடிகிறது. அந்த மனசின்மேலும் எனக்கு வயிறு எரிகிறது. சீ, என்ன ஜென்மம் நான்.

உட்கார்ந்து சாருக்கு மெயில் எழுதினேன். டிக்கெட் வைத்ததும் நான், எழுதி வைக்காததும் நான், போட்டோவில் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததும் நான், முதல் பெயர் அனுப்பிரியாவுக்குப் போக வேண்டும் என்று. இந்தத் தடவை அழிக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

வலி விட்டு விட்டு வருகிறது. அம்மா பையைக் கட்டிவிட்டாள். கார் சொல்லியாயிற்று. கலை வந்துகொண்டிருக்கிறான்.

டிசம்பர் 14, ஞாயிறு

பதினாறு நாள் ஆயிற்று, பெண் குழந்தை. இப்போதுதான் பேனா பிடிக்க நேரம் கிடைத்தது. வளையல்களைக் கழற்றிவிட்டார்கள், கை இலேசாக இருக்கிறது. கலை வந்து ஒரு வாரம் இருந்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். பழைய சிரிப்பில் முக்கால்வாசி வந்துவிட்டது.

இன்று காலை புது வரைவு வந்தது. சார் என் மெயிலுக்கு ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. வரைவின் மேலே மட்டும் ஒரு வரி: 'அனுப்பிரியா மாற்றச் சம்மதிக்கவில்லை.' முதலில் விஜயராணி. அடுத்து அனுப்பிரியா. நான்கு வருஷமாக ஆசைப்பட்டது, எழுத்து எழுத்தாக இருக்கிறது.

பின்னாலேயே அவளிடமிருந்து மெசேஜ். லாக் புக்கின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். முதல் வரியில் அவளுடைய குண்டு குண்டு எழுத்தில்: 'இடது மூலைக் கண்ணாடித் தாங்கியின் அடியில் உள்ள பஸ் டிக்கெட்டை எடுக்கக் கூடாது.' கீழே தேதி, கையெழுத்து. பதினோரு மாதம் நான் எழுதாமல் விட்டது.

அதற்குக் கீழே மெசேஜ்: "டேபிள் நல்லா ஓடுது மேடம். குழந்தை பிறந்ததுக்கு வாழ்த்துகள் மேடம்."

மூன்று தடவை படித்தேன். 'அக்கா' எங்கேயாவது இருக்கிறதா என்று.

பாலாடையில் குழந்தைக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "யாரு, பாத்திரக்கடை பொண்ணா? கொழந்தைய பாக்க எப்ப வருதாம்?"

"லேப்ல வேல இருக்குதாம்மா" என்றேன்.